சித்தியின் துண்டுக்கு நான் காவல்

எங்கள் அம்மா வழிப் பெண்களுக்கு இடுப்பு கிடையாது. ஆண்டவன் எலும்பையும் சதையையும் எல்லோருக்கும் போலத்தான் கொடுத்திருக்கிறான். ஆனால் அக்குளில் ஆரம்பித்து ஒரு கோடு இழுத்தால் அது எங்கேயும் உள்ளே வளையாமல், வெளியே புடைக்காமல் நேராகக் காலுக்கு வந்து சேரும். பள்ளிக்கூடப் பாவாடையை நான் ஊக்குப் போட்டுத்தான் நிறுத்தி வைத்திருந்தேன். அம்மா மட்டும் என்னைப் பெற்ற பிறகு கொஞ்சம் சதை போட்டுத் தப்பித்துக்கொண்டாள். சித்தி தப்பிக்கவில்லை. நானும் தப்பிக்கப் போவதில்லை என்பது பத்து வயதிலேயே தெரிந்துபோயிற்று. வீட்டுக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் அப்படியே சித்திதான் என்பார்கள். சொல்லிவிட்டு ஒரு 'ச்சு' கொட்டுவார்கள். அந்த 'ச்சு' வருவதற்குள் நான் உள்ளே ஓடிவிடப் பார்ப்பேன்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. தாத்தா போன பிறகு கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் எங்களோடுதான் இருந்தாள். தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் புடவை செக்ஷனில் வேலை. அங்கே அவளுக்கு ஒரு மதிப்பு இருந்தது. விலை கூடின புடவையை எடுத்துக் காட்ட வேண்டுமென்றால் சூப்பர்வைசர் அவளைத்தான் கூப்பிடுவாராம். அவள் தோளில் போட்டால் எந்தப் புடவையும் சுருக்கமில்லாமல் விழும், முந்தானை டிசைன் முழுசாகத் தெரியும். அவள் மேல் பார்த்து மயங்கி வாங்கிக்கொண்டு போன அம்மாக்கள், வீட்டில் கட்டிப் பார்த்துவிட்டு மறுநாள் மாற்ற வந்து நிற்பார்கள் என்று சொல்லிச் சிரிப்பாள். கடையில் இருக்கும்வரை அந்த உடம்பு நல்ல உடம்பு. பஸ் ஏறி வீட்டுக்கு வந்து இறங்கினால் அதுவே குறையாகிவிடும்.

ஏனென்றால் இரண்டு மாப்பிள்ளை வீடு தட்டிப்போயிருந்தது. ஒரு வீட்டுக்காரர்கள் பெண் வீக்காகத் தெரிகிறாள் என்று சொல்லி அனுப்பினார்கள். இன்னொரு வீட்டுக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். அடுத்ததும் இப்படிப் போனால் இனிமேல் எவன் வருவான் என்று அம்மா அடுப்படியில் நின்று புலம்புவது, வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும் என் காதில் விழும். உடனே எனக்கு என் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். சித்திக்கே யாரும் வரவில்லை என்றால், அப்படியே சித்தியாக இருக்கிற எனக்கு மட்டும் எவன் வருவான்? பத்து வயதுப் பெண்ணுக்கு இந்தக் கவலை தேவையா என்று கேட்டால் தேவையில்லைதான். ஆனால் பயம் நம்மைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

மூன்றாவதாக வந்தது மந்தைவெளியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் குடும்பம். ஜாதகம் பொருந்திவிட்டது. அம்மா சித்தியை நாற்காலியில் உட்கார வைத்து, கையைக் கொஞ்சம் அகட்டி வைக்கச் சொல்லி, விறைப்பான புடவையில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். போட்டோ பிடித்துவிட்டது என்றார்கள். வீட்டுக்கு வந்து பார்த்துப் பிடிக்காமல் போனால் இரண்டு பக்கமும் சங்கடம், அதனால் சனிக்கிழமை சாயங்காலம் மயிலாப்பூர் கோயிலில் தற்செயலாகப் பார்த்துக்கொள்வது என்று முடிவானது. எங்கள் பக்கத்தில் இது வழக்கம். எல்லோருக்கும் எல்லாம் தெரியும். ஆனாலும் 'அடடே, நீங்களா' என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். இது பொம்பளைங்க சமாச்சாரம் என்று அப்பா ஒதுங்கிக்கொண்டார்.

புடவை எடுக்க அம்மா எங்களை தி. நகருக்கு இழுத்துக்கொண்டு போனாள். சித்தியின் கடைக்கு அல்ல. அங்கே போனால் விஷயம் தெரிந்து கண் பட்டுவிடுமாம். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நசுங்கி வேறொரு கடைக்குப் போனோம். சித்தி இலைப் பச்சையில் சின்னக் கரை போட்ட மெல்லிய புடவை ஒன்றைத் தோளில் போட்டுப் பார்த்தாள். விற்கிற பெண், அக்காவுக்கு எது போட்டாலும் நேராக விழுகிறது என்று பாராட்டினாள். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. இதைக் கட்டினால் கம்பத்தில் கொடி ஏற்றின மாதிரி இருக்கும் என்று சொல்லிப் பச்சையைத் தள்ளி வைத்துவிட்டாள். சித்தி அதை ஒழுங்காக மடித்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். பழக்கம்.

கடையில் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் யோசனைகளைச் சித்தி வீட்டிலும் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். ஒல்லியாக, நேராக இருக்கிறவர்களுக்கு அகலக் கரை உயரத்தைக் குறைத்துக் காட்டும், பெரிய பூப்போட்டது உடம்பை நிரப்பும், விறைப்பான துணி ஒட்டாமல் நிற்கும், பஃப் கை தோளுக்கு அகலம் கொடுக்கும். இதில் ஏதாவது ஒன்றைச் செய்தால் போதும் என்பது சித்தியின் கட்சி. அம்மா எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தாள். அகலக் கரை, உடம்பெல்லாம் பெரிய பெரிய பூ, கஞ்சி போட்ட மொடமொடப்பு, புஸ்ஸென்று இரண்டு கை, உள்ளே இரண்டு உள்பாவாடை. வீட்டில் கட்டி நிறுத்திப் பார்த்தபோது சித்தி உறை போட்ட சோபா மாதிரி இருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அடி விழும் என்று அடக்கிக்கொண்டேன்.

"இவ்ளோ வேணாங்க்கா. நான் டெய்லி பார்க்கிறேன்ல?" என்றாள் சித்தி.

"உன் கடை நாயத்தைக் கடையில வெச்சிக்க. இன்னும் இடுப்புன்னு ஒண்ணு கீதான்னே தெரியல," என்றாள் அம்மா.

அதற்கு மருந்தைக் கீழ்வீட்டு அக்கா சொல்லிக் கொடுத்தாள். தேங்காய்ப்பூத் துண்டை நீளவாக்கில் மடித்து, உள்பாவாடைக்கு அடியில் இடுப்பைச் சுற்றி நாடாவால் இறுக்கிக் கட்டிவிட்டால் போதுமாம். கல்யாண மேடையில் நிற்கிற பாதிப் பெண்கள் அப்படித்தான் நிற்கிறார்களாம். எத்தனை மடிப்பு வேண்டும், எங்கே முடிச்சுப் போடுவது என்று அம்மாவுக்கு ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது. மொடமொடத்த புடவையோடு சித்தியைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, நீயும் அதே ஒடம்புதானே என்று என்னை இழுத்து நிறுத்தித் துண்டைச் சுற்றினாள்.

பீரோக் கண்ணாடியில் பார்த்தேன். எனக்கு இடுப்பு வந்திருந்தது. இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், கையை இடுப்பில் ஊன்றிப் பார்த்தேன். கை வழுக்காமல் நின்றது. இத்தனை நாள் பயந்த பயத்துக்கு வீட்டுக் கொடியிலேயே மருந்து தொங்கிக்கொண்டிருந்திருக்கிறதே என்று ஒரே சந்தோஷம். சித்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கிண்டல் பண்ணாமல் விடாதவள் அன்று சிரிக்கக்கூட இல்லை.

அம்மா எனக்கு ஒரு வேலையும் கொடுத்தாள்.

"கோயில்ல நீ அவ பின்னாடியே போய்க்கினு இரு. துண்டு எறங்குதான்னு பார்த்துக்கினே வரணும். எறங்கிச்சின்னா என் கையைக் கிள்ளு. வாயத் தொறந்து சொல்லிடாத."

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. சித்தியின் கல்யாணமே என் கண்ணில்தான் இருக்கிறது என்று ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை பிரேயரில், கண் கொட்டாமல் எவ்வளவு நேரம் பார்க்க முடிகிறது என்று முன்வரிசைப் பெண்களின் இடுப்பைப் பார்த்துப் பழகிக்கொண்டேன். டீச்சர் வந்து தலையில் ஒரு தட்டுத் தட்டிக் கண்ணை மூடச் சொன்னார். மூடினால் இன்னும் மோசம். நான் பார்க்காத நேரத்தில் இறங்கிவிட்டால்? நான் கிள்ளினது அம்மாவுக்கு உறைக்காமல் போனால்? பிரகாரத்தில் எல்லோர் முன்னாலும் துண்டு காலடியில் வந்து விழுந்தால்? அப்படி விழுந்தால் ஓடிப்போய் அதன் மேல் உட்கார்ந்துகொள்வது என்று முடிவு செய்துவைத்தேன்.

சனிக்கிழமை ஆட்டோவில் சித்தி சாயாமல் விறைப்பாக உட்கார்ந்து வந்தாள். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் நான் அவள் இடுப்பைப் பார்த்தேன். மாட வீதியில் இறங்கினபோது இன்னும் நேரம் இருந்தது. எங்களைக் குளத்தோரம் நிற்கச் சொல்லிவிட்டு அம்மா பூ வாங்கப் போனாள். நான் சித்திக்குப் பின்னால் நின்றுகொண்டேன். யார் யாரோ இடித்துக்கொண்டு போனார்கள், வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் கண்ணை எடுக்கவில்லை. துண்டு கட்டின இடத்தில் கட்டினபடி இருந்தது. பயம் கொஞ்சம் தெளிந்ததும் எனக்கு வாய் வந்துவிட்டது.

"சித்தி, கல்யாணம் ஆனதும் இந்தத் துண்டை எனக்குக் குடுத்துடுவியா? பெரியவளானா எனக்கும் வேணும்ல?"

சித்தி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. ஸ்கூலுக்கே கட்டிக்கொண்டு போகலாமா, யூனிஃபார்முக்குள் தெரியுமா, ஆறாம் வகுப்பிலிருந்து கட்டினால் பழகிவிடும் இல்லையா என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் என் இடுப்பைப் பார்த்தாள், குளத்துத் தண்ணீரைப் பார்த்தாள்.

"துண்டு எறங்குது. வா," என்றாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. பார்த்துக்கொண்டேதானே இருந்தேன், எப்படி இறங்கும்? அம்மாவைத் தேடினேன், பூக்கடைக் கூட்டத்தில் ஆளைக் காணவில்லை, கிள்ளுவதற்குக் கை கிடைக்கவில்லை. சித்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எதிரிலிருந்த டிபன் ஹோட்டலுக்குள் நுழைந்து, பாத்ரூமுக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டாள். புடவையைத் தளர்த்தி, நாடாவை அவிழ்த்து, துண்டை உருவி என் கையில் கொடுத்தாள். ஓர் உள்பாவாடையையும் கழற்றினாள்.

நானே இறுக்கிக் கட்டிவிடுகிறேன், எனக்கு முடிச்சுப் போடத் தெரியும் என்று கெஞ்சினேன். நேரமாகிவிட்டது என்றாள். ஆகியிருக்கவில்லை. கொசுவத்தை விரலால் மடித்துச் செருகினாள். நாள் முழுக்கப் புடவை மடிக்கிற கை, அதற்குக் கண்ணாடிகூட வேண்டியிருக்கவில்லை. உப்பியிருந்த ரவிக்கைக் கைகளைத் தட்டி அமுக்கினாள். அவ்வளவு முரண்டு பிடித்த புடவை அவள் சொன்னபடி கேட்டு நேராக விழுந்தது. அர்ச்சனைச் சாமானுக்குக் கொண்டுவந்த கட்டைப் பையில் துண்டையும் பாவாடையையும் திணித்து என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே நடந்தாள். நல்ல வேகமாக நடந்தாள். நான் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அம்மா பூவோடு நின்றிருந்தாள். சித்தியைக் கண்டதும் அவள் பார்வை நேரே இடுப்புக்குப் போனது, அங்கிருந்து என்னிடம் வந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து 'அடடே, நீங்களா' என்று கேட்டுவிட்டது. மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அக்கா. அம்மாவும் அடடே என்றாள். அழுகிற குரலில் சொன்னாள்.

பிரகாரத்தைச் சுற்றினோம். சித்தியை மறைக்கிற மாதிரி அம்மா என்னைப் பிடித்துப் பிடித்து முன்னால் தள்ளினாள். அதற்கு நான் அகலம் போதவில்லை. மாப்பிள்ளை நல்லவராகத்தான் தெரிந்தார். எதைக் கேட்டாலும் அவருடைய அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார். ஓரமாக உட்கார்ந்ததும் அந்த அம்மா சித்தியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"போட்டோவுல கொஞ்சம் பூசினாப்ல தெரிஞ்சுது," என்றார்.

அம்மா அவசரமாக, இப்போதுதான் காய்ச்சல் வந்து போனது என்று ஆரம்பித்தாள். சித்தி குறுக்கே பேசினாள்.

"அது புடவைங்க. நான் இவ்ளோதான்."

சண்டைக்குப் போகிற குரல் இல்லை. கடையில் ஒருவர் விலை கேட்டால் எப்படிச் சொல்வாளோ அப்படித்தான் சொன்னாள். பேச்சை மாற்ற நினைத்து மாப்பிள்ளையின் அக்கா என்னிடம் திரும்பி, பையில் அவ்வளவு பெரிதாக என்ன பாப்பா என்று கேட்டார். நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தேன். பசி என்று அம்மா சொல்லிவைத்தாள். அவர்கள் சுண்டல் வாங்கித் தந்தார்கள். அழுதுகொண்டே தின்றேன்.

திங்கட்கிழமை போன் வந்தது. ஜாதகத்தை இன்னொரு ஜோசியரிடம் காட்டினார்களாம், ஏதோ பொருத்தம் குறைகிறதாம். சனிக்கிழமை சாயங்காலம் வரை பொருந்திக்கொண்டிருந்த ஜாதகம்தான். அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை. ஒரே ஒரு வேலைதானே சொன்னேன் என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கு இரண்டு அடி கொடுத்திருக்கலாம்.

சித்தி மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் வருத்தம் எதையும் காணோம். எனக்காக மறைக்கிறாள் என்று நினைத்தபோது இன்னும் பயமாக இருந்தது. கல்யாணத்தைக் கெடுத்தவளோடு ஒரே வீட்டில் எப்படி இருப்பாள்? அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"சத்தியமா நான் பார்த்துக்கினேதான் இருந்தேன் சித்தி. அது எறங்கவே இல்ல."

"தெரியும்டி," என்றாள்.

என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். இவ்வளவு ஆன பிறகும் எனக்காகப் பொய் சொல்கிறாளே என்று அவள் மேல் பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது. பதிலுக்கு நானும் பெரிதாக ஏதாவது கொடுக்க வேண்டும் போலிருந்தது. நான் பெரியவளானதும் துண்டை நானே இறுக்கிக் கட்டிக்கொள்வேன், யாரும் பின்னாலேயே வந்து பார்க்க வேண்டியிருக்காது, ஒரு நாளும் அவிழ்க்க மாட்டேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

சித்தி கையிலிருந்த துணிகளோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். இத்தனை நாளில் அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. மாப்பிள்ளை போன துக்கம் இப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது என்று நினைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து அழுதேன்.