கூழும் குதிரையும்

ஆற்றைக் கடந்து பிரெஞ்சு எல்லைக்குள் வந்தது வீண்போகவில்லை. பாகூர் மாரியம்மன் கோயிலில் ஆடிக்கூழ் ஊற்றுகிறார்கள். கருவாட்டுக் குழம்போடு வயிறு முட்டக் குடிக்கிறேன். மேளம் கேட்டதும் கால் சும்மா இருக்கவில்லை. பொய்க்கால் குதிரைக்காரரைக் கெஞ்சி, கட்டைக்கால் இல்லாமல், மூச்சை இழுத்துப் பிடித்துக் குதிரைக் கூட்டுக்குள் நுழைகிறேன். ஒரு சுற்று ஆடியபின் கழற்றப் பார்த்தால், கூடு வரவில்லை. அவர் என் வயிற்றைத் தட்டிப் பார்க்கிறார்.

“கூழு எறங்கணும் ஐயா. அதுவரைக்கும் ஆடினே இருங்க.”

வியர்க்க வியர்க்க ஆடுகிறேன். தெருமுனைக்கு வருவதற்குள் கூடு கொஞ்சம் தளர்கிறது. அங்கே ஓர் அம்மாள் செம்போடு வழிமறிக்கிறாள்.

“குதுர கட்னவரு எந்த வூட்டுக் கூழையும் தாண்டிப் போவக்கூடாதுபா.”

குடிக்கிறேன். அவளுக்குப் பின்னால், தெரு நெடுக, வாசலுக்கு ஒரு செம்பு காத்திருக்கிறது.