சைபரிலிருந்து எண்ணுகிறவர்

தேநீர் இயந்திரத்தின் முன்னால் முதல் ஆளாக நின்றுகொண்டு, "நான் சைபர், நீங்க ஒண்ணு" என்கிறார் வாட்ச்மேன். வாசலில் நிற்கிற வாட்ச்மேன் அல்ல. என் எதிர் மேசையில் உட்கார்ந்து, கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான நிரல் எழுதுகிறவர். நிரலில் வரிசை எண் எங்கே வந்தாலும், அது வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்க அதன் முன்னால் ஒரு காவல் வரி போட்டுவிடுவதால் அலுவலகம் வைத்த பெயர் அது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்குமுன் மூடியை ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். திறக்கப்போகிற மூடியை எதற்கு அழுத்துகிறீர்கள் என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

வெளியிலிருந்து வரும் தகவல்கள் எட்டு வரிசைகளில் பிரிகின்றன. எண்கள் சைபரில் தொடங்கி ஏழில் முடியும். எட்டு என்று ஓர் எண் வந்தால் அப்படியொரு வரிசையே கிடையாது. நிரல் நினைவகத்தில் அடுத்தவன் இடத்தில் கைவைக்கும், மொத்த இயந்திரமும் படுத்துவிடும்.

அந்த எண் இனி வரவே வராது என்பது எங்கள் குழுத் தலைவரின் கட்சி. வாட்ச்மேன் விடாமல் நச்சரிக்கவே, தலைவரே போன வாரம் ஒரு வரி சேர்த்தார்: எட்டைவிடப் பெரிய எண் வந்தால் தூக்கிப் போடு. எட்டே வந்தால்? ராஜ மரியாதையோடு உள்ளே போகும். வாட்ச்மேன் ஓடிப்போய்ச் சொன்னபோது, இனி யாரும் தொடக்கூடாது என்று நிரலைப் பூட்டியாகிவிட்டது. "அதான் நீங்க கேட்டதைப் போட்டாச்சே சார்" என்றார் தலைவர். வாட்ச்மேன் தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

திருத்திய அந்த நிரல் இன்று மதியம் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் ஏறியது. அங்கே போன் எடுக்கிறவர் வாட்ச்மேனுடைய அக்கா. போன வருஷம் இந்த எட்டு வந்து இயந்திரம் படுத்தபோது, விலாசம் சொல்லி முடிப்பதற்குள் அறுந்துபோன ஒரு பெண்ணின் குரல் அக்காவின் காதை விட்டு இன்னும் போகவில்லை. அன்றைக்கே தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "சும்மாகூட ஆம்புலன்ஸ் நம்பருக்கு அடிக்காதடா. உன்னால வேற யாருக்காவது லைன் கிடைக்காம போயிடும்." அக்கா சொன்னதை அவர் ஒருநாளும் மீறியதில்லை.

வாங்கி வைத்த தேநீர் ஆறிப்போய்விட்டது. வாட்ச்மேன் கைபேசியை எடுத்து ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தினார். மணி அடித்ததும், இயந்திரம் இன்னும் படுக்கவில்லை என்று தெரிந்துகொண்டு துண்டித்தார்.

"சைபர்" என்று முணுமுணுத்தார். கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எடுத்து அழுத்தினார்.

"ஒண்ணு."