நீலம் நிற்காத தொட்டி

ஐம்பத்து மூன்று வயதுக்குள் அவர் ஆறாயிரம் சமையலறைகளுக்குள்ளாவது நுழைந்திருப்பார். எல்லாம் கூப்பிட்ட பிறகுதான். குடிநீர் ஃபில்டர் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் தொழில். அந்த வட்டாரத்தில் ஃபில்டர்காரர் என்றால்தான் ஆளைத் தெரியும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டே வீட்டுக்காரர்களோடு ஊர்க்கதை பேசுவார். கதை முடிவதற்கும் குழாயில் தண்ணீர் வருவதற்கும் சரியாக இருக்கும்.

புது ஃபில்டர் மாட்டியதும் ஒரு வித்தை காட்டுவார். பையிலிருந்து நீல மைப் புட்டியை எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டு விடுவார். அந்த நீலத் தண்ணீரைக் கரி நிரப்பிய சின்னக் குழாயில் ஊற்றுவார். கீழே சொட்டுவது பளிங்கு போல இருக்கும். “கரிக்கு நல்லது கெட்டது தெரியாதுங்க. கிடைச்சதையெல்லாம் உறிஞ்சிக்கும்” என்பார். பிள்ளைகள் கை தட்டுவார்கள். பெரியவர்கள் கழற்றிப் போட்ட பழைய ஃபில்டரை ஒரு முறை திரும்பிப் பார்ப்பார்கள்.

இப்படிப்பட்டவர் வீட்டு மீன் தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்கத் தோன்றும். கடை ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு அவரே செய்து மாட்டியது ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதில் இரட்டைக் கரி. தொட்டியில் குடியிருந்தது ஒரே ஒரு தங்கமீன், உள்ளங்கை நீளம். கன்னத்தை உப்பிக்கொண்டு மூலை மூலையாகப் போய்ப் பார்வையிடுவதால் அதற்கு மேனேஜர் என்று பெயர். வைத்தது மகள். அவள் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். நல்ல வீடாகப் பார்த்ததும் மேனேஜரை அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. அதுவரை அப்பா பொறுப்பு.

தனியாக இருந்து மேனேஜர் வாடுகிறது என்று ஒருநாள் அவருக்குத் தோன்றியது. மேனேஜர் அப்படி எதுவும் காட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. மகள் போன பிறகு கூடத்தில் பேச்சுச் சத்தம் குறைந்துபோனது என்னவோ உண்மை. வேலை முடிந்து வரும் வழியில் சந்தையில் ஒரு குட்டித் தங்கமீனை வாங்கினார். வீட்டுக்கு வந்ததும் பையை அவிழ்த்து நேராகத் தொட்டியில் விட்டார்.

ஒரு வாரம் போயிருக்கும். மனைவி தையல்காரர், விளக்கில்லாமல் ஊசிக் காதில் நூல் கோக்கிற கண். அந்தக் கண்ணில்தான் முதலில் பட்டது. மேனேஜரின் வாலில் உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். கல்லில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து ஓடியது. பிறகு துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு ஒரு மூலையில் நின்றது. பார்வையிடும் வேலையையே விட்டுவிட்டது.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரம்மா, அவர் பாதி சொல்லும்போதே ஆளைப் பிடித்துவிட்டார்.

“புதுசா எதையாவது உள்ள விட்டீங்களா?”

“ஒண்ணே ஒண்ணும்மா. ரொம்பச் சின்னது.”

“அது சின்னதுதான். அது கூட்டிட்டு வந்த கூட்டம் பெருசு.”

வெள்ளைப்புள்ளி நோய், ஒட்டுண்ணியால் வருவது என்று விளக்கினார். புள்ளியாகத் தெரிவது மீனின் தோலுக்கடியில் உட்கார்ந்து தின்கிற உயிரி. தின்று கொழுத்ததும் உதிர்ந்து கூழாங்கல்லுக்குள் விழும். அங்கே ஒன்று நூறாகப் பெருகும். அந்த நூறும் நீந்தி வந்து மறுபடி மீனைப் பிடிக்கும். தோலுக்குள் இருக்கும்போது மருந்து தொடாது, நீந்துகிற நேரத்தில்தான் சாகும். அதனால் தண்ணீரில் எந்நேரமும் மருந்து இருக்க வேண்டும், புள்ளி மறைந்துவிட்டது என்று நிறுத்திவிடக் கூடாது. இவ்வளவும் சொல்லி நீல மருந்துப் புட்டியை நீட்டியபடி, “அப்புறம் அந்த ஃபில்டர்ல…” என்று ஆரம்பித்தார்.

“ஃபில்டர் பத்தி என்கிட்டயாம்மா?” என்று இவர் சிரித்தார். கடைக்காரம்மாவின் வீட்டு ஃபில்டரும் இவர் மாட்டியதுதான். அவரும் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

மருந்தை ஊற்றியதும் தொட்டி நீலமானது. விடிந்து பார்த்தால் பளிங்கு. மறுபடி ஊற்றினார், மறுபடி பளிங்கு. தன் தொட்டியில் கறை தங்காது என்று மனைவியிடம் பெருமை அடித்துக்கொண்டார். புள்ளிகளும் உதிர்ந்தன. அடுத்த வாரம் குட்டி மீனையும் சேர்த்துக்கொண்டு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தன. மேனேஜர் தீனியை ஏறிட்டும் பார்க்கவில்லை. தண்ணீரின் மேல்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் திண்டாடியது. மருந்து போலியாக இருக்குமோ என்று ஃபில்டர்காரருக்குச் சந்தேகம்.

அன்றைக்கென்று பார்த்து மகள் வீடியோவில் வந்தாள். வீடு கிடைத்துவிட்டதாம். மாதக் கடைசியில் மேனேஜரை அழைத்துப்போக வருகிறாளாம். தொட்டிப் பக்கம் திருப்பச் சொன்னாள். வெளிச்சம் இல்லை, சிக்னல் இல்லை என்று இவர் மழுப்பினார். போனை வைத்துவிட்டுத் தொட்டியின் முன்னால் வந்து உட்கார்ந்தார். பிள்ளை நம்பி விட்டுப்போன உயிர். அவள் வரும்போது வெறும் தொட்டியைக் காட்ட முடியுமா?

மறுநாள் ஒரு மாடி வீட்டில் புது ஃபில்டர். வீட்டுக்கார அம்மாவும் பிள்ளைகளும் சுற்றி நிற்க, மையை விட்டார், குழாயில் ஊற்றினார். வாய் பழக்கத்தில் ஓடியது. “கரிக்கு நல்லது கெட்டது தெரியாதுங்க. கிடைச்சதையெல்லாம்…”

அங்கேயே நின்றுபோனது. கையில் காலி டம்ளர். கீழே சொட்டுச் சொட்டாகப் பளிங்குத் தண்ணீர்.

“என்னண்ணே, மெஷின் ஆஃப் ஆயிடுச்சா?” என்றார் அந்த அம்மா.

“மெஷின் ஓடுதுங்க. நான்தான் ஆஃப் ஆயிட்டேன்.”

பையைத் தூக்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு ஃபில்டரையும் கழற்றினார். இத்தனை நாள் ஊற்றிய மருந்தையெல்லாம் இரட்டைக் கரி குடித்துத் தீர்த்திருந்தது. மனைவி விஷயத்தைக் கேட்டுத் தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

“தினமும் வீட்டுலயே வித்தை காட்டியிருக்கீங்க. நாங்கதான் கை தட்டல.”

கரி போனது, வெறும் பஞ்சு மட்டும் உள்ளே போனது. கூழாங்கல்லுக்கு அடியில் குழாயை விட்டுக் கசடை உறிஞ்சி எடுத்தார். தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கினார், காற்றுக் குழாய் இன்னொன்று போட்டார். வெளியே எடுக்கிற தண்ணீருக்கு ஈடாக மருந்தைச் சேர்த்தார். இம்முறை விடிந்தும் நீலம் அப்படியே நின்றது. கலங்கிய தண்ணீரைப் பார்த்தாலே கை பரபரக்கிற மனிதர், அந்த நீலத்தை வாரக்கணக்கில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளிகள் மறைந்தன. அவர் நிறுத்தவில்லை. மீன்கடைப் பக்கம் போனபோது, சொல்ல வந்ததை அன்றே கேட்டிருக்கலாம் என்று கடைக்காரம்மாவிடம் ஒப்புக்கொண்டார். எங்கே சொல்ல விட்டீர்கள் என்று அவரும் விடவில்லை.

மகள் மறுபடி கூப்பிட்ட நாளில் இவர் சாக்குத் தேடவில்லை. நடந்ததையெல்லாம் சொல்லி, போனைத் தொட்டிப் பக்கம் திருப்பினார். நீலத்துக்குள் கன்னத்தை உப்பிக்கொண்டு மேனேஜர், கரி இருந்த இடம் வரை போய்ப் பார்வையிட்டுத் திரும்பியது. பின்னாலேயே குட்டி மீன்.

“அப்பா, பின்னாடி வர்றது யாரு?”

“அதுவா… மேனேஜருக்குத் துணைக்கு.”

“மேனேஜருக்கா?” என்று தையல் மெஷின் பக்கமிருந்து குரல் வந்தது. “நீ போனதுலேர்ந்து உங்கப்பா தொட்டிகிட்டதான் பேசிட்டு இருக்காரு. பதில் சொல்ல ஒருத்தன் பத்தலையாம்.”

மகள் சிரித்தாள். போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து இரண்டு மீன்களையும் பார்த்தாள்.

“சரி, அது அசிஸ்டெண்ட்டா இருக்கட்டும். ரெண்டையும் பிரிக்க வேணாம்பா. டிரான்ஸ்பர் கேன்சல். நான் அடிக்கடி வந்து ஆபீஸைப் பாத்துக்கறேன்.”

இன்று தொட்டி பழையபடி பளிங்கு. சிகிச்சை முழுதாக முடிந்த பிறகு, மிச்ச மருந்தை எடுக்கக் கரியை உள்ளே வைத்தார். மகள் சனிக்கிழமை வருகிறாள், கையில் ஒரு புது மீனோடு. பால்கனியில் பெரிய வாளி ஒன்றைக் கழுவித் தயாராக வைத்திருக்கிறார். அந்த மீன் ஒரு மாதம் அதில்தான் இருக்கும்.