நோன்பு வைக்காத ரமலான்

பெங்களூரில் தொழுகை முடிந்து சலாம் கொடுத்ததும் பக்கத்தில் இருப்பவர் கையை நீட்டி உருதுவில் ஏதாவது கேட்பார். நான் தமிழில் பதில் சொல்வேன். அவர் முகத்தில் ஒரு குழப்பம் வந்து, அது மெல்லக் கனிவாக மாறும். "நௌமுஸ்லிமா பாய்?" என்பார். புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவரா என்று அர்த்தம். ஈஜிபுராவுக்குக் குடிவந்த முதல் வருஷத்திலேயே இந்தக் கேள்வி எனக்குப் பழகிவிட்டது. எங்கள் கடையநல்லூரில் பள்ளிவாசல் பயான் பிரசங்கமும் தமிழ், உம்மா ஏசுவதும் தமிழ், மய்யித்தைக் கபர்ஸ்தானில் அடக்கிவிட்டு அழுவதும் தமிழ். இங்கேயோ தமிழ் பேசும் முஸ்லிம் என்றால் பாதிப் பேருக்கு நம்பிக்கை வருவதில்லை. காய்கறிக் கடையில் என்னை நெற்றியில் திருநீறு வைக்க மறந்த ஆளாகப் பார்க்கிறார்கள். பள்ளிவாசலில் நேற்று கலிமா சொன்னவனாகப் பார்க்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் நான் யாரென்று காட்டியது ரமலான்தான். நோன்புக்கு மொழி கிடையாது. பசித்திருப்பவனிடம் எந்த மொழியில் பசிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பொம்மசந்திராவில் பம்பு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு மெயின்டனன்ஸ் வேலை. வெயில் ஏறத் தொடங்கும் மாதத்தில் தகரக் கூரைக்கு அடியில் நின்று மோட்டாரைக் கழற்றி மாட்டும்போதும் ஒரு சொட்டுத் தண்ணீர் தொண்டையில் இறங்காது. கன்னடக்காரர்கள், பீகாரிகள், தமிழர்கள் எல்லோரும் "மைதீன் பாய் உபவாச" என்று சொல்லி, கேன்டீனுக்குக் கூப்பிடாமல் விலகிப் போவார்கள். அந்த விலகலில் எனக்கு ஒரு மிடுக்கு. அது சிறுவயதிலேயே வந்த மிடுக்கு. ஊரில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் நாக்கை நீட்டச் சொல்லிச் சோதிப்போம். வெள்ளை படிந்திருந்தால் நோன்பாளி. இல்லாவிட்டால் எங்கேயோ குழாயடியில் குனிந்துவிட்டு வந்தவன். வெயிலில் பந்து விளையாடிவிட்டு வந்து நான் நாக்கை நீட்டினால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். அந்தக் காலத்திலிருந்து நான் ஒரு நோன்பைக்கூட விட்டதில்லை, காய்ச்சலிலும் விட்டதில்லை.

போன ரமலானுக்குச் சற்று முன்னால் என் சிறுநீரகம் இரண்டும் தளர்ந்துவிட்டன என்று தெரியவந்தது. பல வருஷச் சர்க்கரை செய்த வேலை. டாக்டர் அம்மா கன்னடக்காரர், ஆனால் தமிழர்கள் நிறைய வருவதால் இரண்டையும் கலந்து பேசுவார். இனிமேல் தண்ணீர் குடிக்காமல் பகல் முழுக்க இருக்கவே கூடாது, இந்த வருஷம் மட்டும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், எப்போதுமே கூடாது என்றார். என் முகம் தொங்கியதைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை. "மத்யான்னம் வரைக்கும் உபவாச மாடி, சாக்கு" என்றார் ஆறுதலாக. மதியம் வரை இருந்தால் போதுமாம். எங்கள் ஊரில் பால்பல் விழாத பிள்ளைகள் அடம்பிடித்தால் அப்படித்தான் அரை நோன்பு வைக்கச் சொல்லி ஏமாற்றுவோம். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? தலையாட்டிவிட்டு எழுந்து வந்தேன்.

அன்று மாலையே பள்ளிவாசல் இமாமான ஹஸ்ரத்திடம் போனேன். எனக்குத் தெரிந்த அரைகுறை உருதுவில், மருந்துச் சீட்டைக் காட்டி விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "ஆப் கோ ரோஸா மாஃப் ஹை" என்று தொடங்கி நெடுநேரம் பேசினார். எனக்குப் பிடிபட்டது அந்த ஒரே சொல்தான். மாப்பு. தப்பு செய்தவன் கேட்பது. ஆக, நான் அல்லாஹ்விடம் மாப்புக் கேட்க வேண்டும் என்கிறார் என்று எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். என் மனைவி பாத்திமாவுக்கு அக்கம்பக்கத்துப் பெண்களோடு பழகி இங்கத்து உருது நன்றாகப் புரியும். ஹஸ்ரத் சொன்னதில் நினைவில் நின்றதை, அர்த்தம் தெரியாவிட்டாலும், அப்படியே சொல்லச் சொன்னாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு என் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"மாப்புக் கேக்கச் சொல்லலங்க. உங்களுக்கு நோன்ப மன்னிச்சு விட்டாச்சுன்னு சொல்லிருக்காவ. அல்லாவே விட்டத நீங்க எதுக்குப் புடிச்சுத் தொங்குதீய?"

விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்பதும் ஹஸ்ரத்தின் பேச்சில் இருந்திருக்கிறது. பணமாகக் கொடுத்துவிடலாம் என்றேன். பாத்திமா ஒத்துக்கொள்ளவில்லை. காசைக் கொடுத்துக் கையைக் கழுவுவதற்கா ரமலான் வருகிறது, உங்கள் கையாலேயே காய்ச்சிக் கொடுங்கள் என்றாள்.

ஆனாலும் முதல் சில நாட்கள் தொழிற்சாலையில் நான் பட்ட பாட்டை எழுதத்தான் வேண்டும். மதிய மாத்திரைக்கு முன் சாப்பிட்டாக வேண்டும். கேன்டீனில் போய் எப்படி உட்கார்வது? பழைய மோட்டார்கள் கிடக்கும் ஸ்டோர் அறைக்குள் புகுந்து, கதவுக்கு முதுகைக் காட்டி நின்றபடி இட்லியை விழுங்குவேன். ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு செல்வராஜ் வந்துவிட்டார். அவர் வெல்டர், கோலார் தங்கவயல்காரர், சுரங்கத் தொழிலாளியின் மகன். தினமும் அங்கிருந்து ரயிலில் வந்து போகிறவர். வருஷா வருஷம் என் நோன்பின்போது தன் டிபன் டப்பாவை என் கண்ணில் படாமல் எடுத்துப் போகும் மனுஷன்.

"இன்னா மைதீன், நின்னுகினு சாப்புடுற? இன்னாத்துக்கு இப்படி ஒளியற?" என்றார்.

சொன்னேன். அவர் கிறிஸ்தவர்; அந்த வருஷம் எங்கள் ரமலானும் அவர்களுடைய தவக்காலமும் ஒன்றாக வந்திருந்தன. அவர் கறியும் பீடியும் விட்டிருந்தார். ஒரு மோட்டாரைக் காலால் நகர்த்தி எனக்கு இடம் செய்து கொடுத்துவிட்டுத் தானும் எதிரில் உட்கார்ந்தார். "குந்து மொதல்ல. கடவுளு குடுத்த சோத்த நின்னுகினு துன்னாத" என்றார். மறுநாள் என் தோளில் கை போட்டுக் கேன்டீனுக்கு அழைத்துப் போய்த் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். யாரோ கேட்டதற்கு, "டாக்டரு சொல்லிகிறாரு, அவ்ளோதான்" என்று முடித்துவிட்டார். பிஸ்மில்லாஹ் என்று சொல்லி, தலை நிமிர்ந்து, எல்லோர் எதிரிலும் சாப்பிட்டேன். பசியை அடக்குவதைவிட அது எனக்குக் கடினமாக இருந்தது. ஆனால் அடக்கினேன், இந்தத் தடவை என் மிடுக்கை.

காலை ஷிப்டு முடிந்து, கம்பெனி பஸ்ஸில் மடிவாளாவில் இறங்கி வீட்டுக்கு வந்தால் அஸர் தொழுகைக்கு முன்னால் அடுப்பைப் பற்றவைத்துவிடலாம். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, கொஞ்சம் கொத்துக்கறி, கடைசியில் தேங்காய்ப்பால். ஊரில் பள்ளிவாசல் கஞ்சியை வரிசையில் நின்று வாங்கியிருக்கிறேனே தவிரக் காய்ச்சியதில்லை. பாத்திமா நோன்போடு பக்கத்தில் நின்று சொல்லித் தருவாள். உப்பு பார்ப்பது என் வேலை. எங்கள் வீட்டுக்கு அடுத்த மனையில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே ராய்ச்சூரிலிருந்து வந்த மெஹபூப் என்ற பெயின்டர் தங்கி வேலை பார்த்தார். சாரத்தில் ஏறி இறங்கி நாள் முழுக்க உழைத்துவிட்டு, பிஸ்கட்டும் தண்ணீருமாக நோன்பு திறப்பவர் என்று பாத்திமா பார்த்து வைத்திருந்தாள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு யூனிஃபார்மோடேயே அவரிடம் போனேன்.

மணல் குவியலின் ஓரத்தில் இருவரும் உட்கார்ந்தோம். பாங்கு சொன்னதும் அவர் ஒரு பேரீச்சம்பழத்தை என் கையில் வைத்தார். "பைலே தும் கோலோ பாய்" என்றார். முதலில் நீங்கள் திறவுங்கள் என்கிறார். நாள் முழுக்க வெயிலில் காய்ந்த அந்த உதடுகளைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை. எனக்கு நோன்பு இல்லை என்றேன். என் உச்சரிப்பையும் யூனிஃபார்மையும் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. முஸ்லிம் அல்லாத ஒருவர் நோன்பாளிக்குக் கஞ்சி கொண்டுவந்திருக்கிறார் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். பழத்தைக் கடித்து, தண்ணீர் குடித்து, இரண்டு கைகளையும் ஏந்தினார். "அல்லா தும்கோ பீ ஈமான் தே பாய்" என்று எனக்காக துஆ செய்தார். இறைவன் உங்களுக்கும் ஈமானை, இறைநம்பிக்கையைத் தரட்டும்.

பழைய மைதீனாக இருந்தால் அந்த இடத்திலேயே என் பெயரையும், வாப்பாவின் பெயரையும், எந்தத் தெரு என்பதையும் சொல்லித் தீர்த்திருப்பேன். நாக்கின் நுனிவரைக்கும் வந்தது. ஆனால் ஒரு நோன்பாளி, நோன்பு திறக்கும் நேரத்தில், எனக்கு ஈமான் கேட்கிறார். அதை யார்தான் வேண்டாம் என்பார்கள்? "ஆமீன்" என்றேன். இத்தனை வருஷ நோன்பில் எத்தனையோ ஆமீன் சொல்லியிருக்கிறேன். எனக்கென்று எதுவுமே இல்லாமல், வெறுங்கையோடு நின்று சொன்ன ஆமீன் அதுதான். அதைப் பெருமையாகவே சொல்கிறேன். நோன்பு வைத்த ரமலான்கள் எனக்குக் கொடுக்காத ஒன்றை வைக்காத ரமலான் கொடுத்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் மெஹபூப் வந்து நின்றது என் தோளோடு தோளாக. சலாம் கொடுத்துத் திரும்பியவர் என்னைக் கண்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "மாஃப் கரோ பாய்" என்றார். இந்தத் தடவை எனக்குச் சரியாகப் புரிந்தது. இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு தூக்குவாளியை அவர் பள்ளிவாசலுக்கே எடுத்துப் போகத் தொடங்கினார். கஞ்சி பக்கத்துத் தட்டுகளுக்கும் போனது. ஹஸ்ரத்தும் ருசி பார்த்தார். கடைசி நோன்புக்கு எல்லோருக்குமாக ஒரு பெரிய சட்டி காய்ச்சித் தர முடியுமா என்று அவர் பாத்திமாவிடம் கேட்டனுப்பியபோது அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. இப்போது பள்ளிவாசலில் என்னை யாரும் புது முஸ்லிமா என்று கேட்பதில்லை. "கஞ்சிவாலே தமிழ் பாய்" என்றால் எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும்.

கடைசி நோன்பன்று, பெரிய சட்டி என்பதால், லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டேன். அரிசி களைந்துகொண்டிருக்கும்போது ஊரிலிருந்து அண்ணன் போன் செய்தார். எங்கள் தெருக்காரர்கள் எங்கோ பிறை பார்த்த தகவலை ஏற்று அன்றைக்கே பெருநாள் கொண்டாடுகிறார்கள். பெங்களூரில் பிறை தெரியவில்லை. இங்கே இன்னும் நோன்பு. அண்ணன் பெருநாள் திடலில் நின்று பேசினார். அவருக்குப் பின்னால் திடலே அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்லிக்கொண்டிருந்தது.

"தொழுகைக்கு நிக்கோம். நீ என்னல பண்ணுத?" என்றார்.

"நோன்புக் கஞ்சிக்கு அரிசி களையுதேன்" என்றேன்.

அவருக்கு விளங்கியதோ என்னவோ, "சரி, கேட்டுக்கோ" என்று போனைத் திடல் பக்கம் நீட்டினார். பாத்திமா வறண்ட உதடுகளோடு இஞ்சி நசுக்கிக்கொண்டிருந்தாள். பெருநாள் காதில் இருந்தது, நோன்பு கண்ணெதிரே இருந்தது. போனைத் தோளில் இடுக்கி, அவர்களுடைய தக்பீருக்கு உதட்டை அசைத்தபடி, இவர்களுடைய கஞ்சியை அடுப்பில் ஏற்றினேன்.