விளையாட விடுகிற ரீச்சர்

பாலர் வகுப்பு நடத்துவதில் பிள்ளைகளால் வரும் தொல்லை மிகக் குறைவு. மதியம் அவர்களைக் கூட்டிப்போக வருகிறவர்களிடம்தான் தப்ப முடியாது. இந்த வேலையில் இருந்தவர்களுக்கும், வீட்டில் ஒரு நாலு வயதுப் பிள்ளையோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கும் நான் இதை விளக்கத் தேவையில்லை.

கொழும்பில் மொண்டிசோரிப் பயிற்சி முடித்துவிட்டு, ஐம்பதுகளின் கடைசியில் கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டம் ஒன்றுக்கு வந்தேன். எல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டி வயல் செய்கிற குடும்பங்கள். பயிற்சியில் பார்த்த மெருகு போட்ட கட்டைகளும் மணிச் சரங்களும் இங்கே இல்லை. சிரட்டை, மணல், களிமண், புளியங்கொட்டை வேண்டிய மட்டும் கிடைத்தன. பதினெட்டுப் பிள்ளைகளும் கிடைத்தார்கள்.

வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீரைத் திறந்துவிடுகிற விதானையார்தான் ஊர்ச் சங்கத்துக்கும் தலைவர். நெல் மூட்டை அடுக்கக் கட்டிய கொட்டிலை அவர் சித்திரையில் எனக்குத் தந்தார். தரும்போதே மூன்று மாதக் கெடுவும் வைத்தார்: "ஆடிப்பிறப்பு வரைக்கும் பாப்பம், ரீச்சர். தாய் தேப்பன் விரும்பாட்டி கொட்டில் மூட்டைக்குத்தான்."

சிலேற்று

கந்தையா அண்ணையின் வயல் வாய்க்காலின் கடைசியில் இருந்தது. முதல் நாளே மகன் சிவராசாவின் கையில் எழுதிப் பழகப் புதுச் சிலேற்று ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். அதை வாங்கிக் கொட்டில் கூரையின் தாழ்ந்த ஓரத்து இறப்பில் செருகி வைத்தேன். கை பழகிய பிறகு எழுத்து தானாக வரும், முதலில் செம்பிலிருந்து சிரட்டைக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றப் பழகட்டும் என்று அவருக்குச் சொன்னேன். அவர் நாள்தோறும் மதியம் வந்து, எனக்கு முன்னால் வைத்தே மகனை விசாரிக்கத் தொடங்கினார்.

"இண்டைக்கு என்னடா படிச்சனி?"

"தண்ணி ஊத்தினனான்."

"நேற்று?"

"நேற்றும் ஊத்தினனான். நேற்றுக் கொஞ்சம் சிந்திப்போச்சு."

கந்தையா அண்ணை இறப்பில் இருந்த சிலேற்றை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தண்ணி ஊத்திறதுக்கு இவனை இஞ்சை அனுப்பத் தேவையில்லை, ரீச்சர். வீட்டில ரெண்டு எருமை நிக்குது."

அரிசியும் கல்லும்

புஷ்பத்துக்கு நாலரை வயது. புளியங்கொட்டைகளைப் பெரிது, சிறிது, கறுப்பு, மண்ணிறம் என்று பிரித்து வரிசையாக அடுக்குவாள். ஒன்று இடம் மாறி இருந்தால் வரிசை முழுவதையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். ஒருநாள் காலையில் ஆரம்பித்தவள் மற்றப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் வரைக்கும் எழும்பவில்லை. பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்தது இதைத்தான். வேலையில் மூழ்கியிருக்கிற பிள்ளையைக் கூப்பிடாதே, தொடாதே, பாராட்டக்கூடச் செய்யாதே. நான் மூலையில் இருந்து மனதுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷம் மூன்று நாள் இருந்தது. நாலாம் நாள் புஷ்பத்தின் தாய் அன்னம்மா இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தார். கோபமா சிரிப்பா என்று முகத்தில் தெரியவில்லை. "அரிசியில கல் பொறுக்கித் தா எண்டு சுளகைக் குடுத்திட்டு வயலுக்குப் போனனான், ரீச்சர். வந்து பாத்தால் பொறுக்கின கல்லைச் சின்னன் பெரிசெண்டு அடுக்கிக்கொண்டிருக்கிறாள். இனி எப்ப நான் சோறு காய்ச்சிறது?"

சத்தமில்லாத விளையாட்டு

கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடந்து, என்னென்ன சத்தம் கேட்கிறது என்று பிறகு சொல்ல வேண்டும். இதுவும் பயிற்சியில் கற்றதுதான். பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. வாய்க்கால் தண்ணீர், மரங்கொத்தி, எங்கோ தூரத்தில் உழவு மெசின், பக்கத்தில் படுத்திருப்பவனின் வயிறு என்று ஒவ்வொருவரும் ஒன்றைக் கேட்டார்கள்.

ஆனியில் ஒருநாள் மலேரியாவுக்கு மருந்தடிக்கிற ஆள் மருந்துப் பம்பு ஒன்றைத் தோளில் போட்டபடி கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். பதினெட்டுப் பிள்ளைகள் பாயில் கண்மூடிக் கிடக்கிறார்கள். நான் வாயில் விரலை வைத்து அவரைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, பக்குவமாகக் காலை எடுத்துவைத்துப் போனார். போனவர் வழியில் கண்டவர்களிடமெல்லாம் பாலர் வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறார்.

மறுநாள் ஆறு பிள்ளைகள்தான் வந்தார்கள். ஆடிப்பிறப்புக்குப் பதினாலு நாள் இருந்தது. ஆறு பிள்ளைகளுக்காக விதானையார் கொட்டிலை விடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அப்போது அன்னம்மா புஷ்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகளை உள்ளே விட்டுவிட்டு, என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "உங்களுக்கு இன்னும் தொத்தேல்லைப் போல, ரீச்சர்."

கடைசி வயல்

காய்ச்சல் இல்லை என்று தெரிந்து ஒரு வாரத்தில் எல்லோரும் திரும்பி வந்தார்கள். அந்த நாட்களில் பிள்ளைகளின் விளையாட்டு முழுவதும் கொட்டிலுக்கு வெளியே மணலில்தான். கிணற்றடியிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டி, களிமண்ணால் வரம்பு கட்டி, நாலு வயல் செய்து, குரக்கன் தானியம் விதைத்திருந்தார்கள். முளையும் வந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டில் பார்ப்பதை இங்கே செய்தார்கள்.

ஆடிப்பிறப்புக்கு முதல் நாள் விதானையார் வந்தார். பின்னால் கந்தையா அண்ணை. முற்றத்தில் சிவராசா தோளில் துண்டு போட்டுக்கொண்டு கையில் தடியோடு நின்றான். இறப்பில் இருந்த சிலேற்று இப்போது வாய்க்காலுக்குக் கதவாக நின்றது. முதல் வயல்காரப் பையன் அவனிடம் பூவரசம் இலை ஒன்றை நீட்டினான்.

"விதானையார், வெத்திலை போடுங்கோ."

சிவராசா மென்றுகொண்டு கதவைத் தூக்கினான். முதல் வயல் நிரம்பியது. இன்னொரு இலை வந்தது. முதல் வயல் வழிந்தது. கடைசி வயலில் குந்தியிருந்த புஷ்பம் கேட்டாள்:

"விதானையார், எனக்கு எப்ப தண்ணி வரும்?"

"நாளைக்கு வரும் தங்கச்சி. போயிட்டு வாங்கோ."

"நேற்றும் இதைத்தானே சொன்னியள்?"

அவன் தொண்டையைச் செருமினான். செருமல்கூட அசல் விதானையாருடையது. "குளத்தில தண்ணி காணாது, பிள்ளை."

கடைசி வயல்காரர் கந்தையா அண்ணை துண்டால் வாயை மூடிக்கொண்டார். கொட்டில் போய்விட்டது என்று நினைத்தேன். குறுக்கே போய் விளையாட்டை நிறுத்தவும் கால் வரவில்லை.

புஷ்பம் எழும்பி வந்து சிலேற்றை அடைத்தாள். செம்பையும் ஒரு சிரட்டையையும் எடுத்தாள்.

"இனி ஆளுக்கு ஆறு சிரட்டை."

"நானெல்லோ விதானையார்" என்றான் சிவராசா.

"விதானையாரெண்டால் நீங்கள் எண்ணுங்கோ."

அவள் ஊற்ற அவன் எண்ணினான். ஒரு துளி சிந்தவில்லை. மூன்று மாதம் நாள்தோறும் ஊற்றிய கைகள். மூன்றாவது வயலுக்கு அவன் ஆறு சொன்ன பிறகும் அவள் சிரட்டையைச் சரித்தபோது, பக்கத்தில் "ஏழு" என்று ஒரு குரல் கேட்டது. விதானையார் வரம்படியில் குந்தியிருந்தார். அவர் எப்போது குந்தினார் என்று நான் கவனிக்கவில்லை.

கடைசி வயல் நனைந்து முடியும்வரை இருந்துவிட்டு எழும்பினார். வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார். கந்தையா அண்ணையின் பக்கம் திரும்பவில்லை. "கொட்டில் இருக்கட்டும், ரீச்சர். மூட்டைக்கு வேற இடம் பாப்பம். சங்கக் கூட்டம் நடக்கிற நாளில மட்டும் இந்த விளையாட்டை விளையாட விடாதேங்கோ."

அந்தச் சிறுபோக வெள்ளாமையில் கடைசி வயல் வரைக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் கந்தையா அண்ணை அன்று வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேறு கழுவிய சிலேற்றை மறுநாளும் மகன் கையில் கொடுத்துத்தான் அனுப்பினார்.