கள்ளிகளுக்கு உயிர்த்தண்ணீர்

என் வீட்டுக்காரருக்கு முள் இருப்பதன் மேல்தான் பிரியம். என்னைக் கட்டிக்கொண்டதே அதனால்தான் என்று நான் சொல்வதுண்டு. மொட்டைமாடி முழுக்கக் கள்ளிச்செடிகள். உருண்டையாக, தூணாக, விரல் விரலாகத் தொங்குவதாக. பாலைவனத்து இனங்களை எங்கெங்கிருந்தோ வரவழைத்து, சூளையில் கோணிப்போன ஜாடிகளில் வைத்திருந்தார். பீங்கான் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருந்தவருக்குக் கோணல் ஜாடிக்கா பஞ்சம்? துணி காயப்போட எனக்கு ஒரே ஒரு கொடிக்கு இடம் விட்டார், அதுவும் முனகிக்கொண்டே.

முட்டிவலி வந்து மாடிப்படி ஏற முடியாமல் போனபோது, ஊரில் புதிதாகத் திறந்த பூங்காவுக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். சொல்லிவிட்டு அன்று சாப்பிடவில்லை. மகளுக்கு வரன் பார்த்தபோதுகூட இவ்வளவு விசாரிக்காத மனுஷன், பூங்கா மண்ணை அள்ளி அள்ளிப் பார்த்துவிட்டு வந்தார்.

தொழிற்சாலையில் கப்புகளைக் கட்டியது போலவே செடிகளையும் கட்டினார். அடியில் வைக்கோல், சுற்றிலும் பழைய பேப்பர், இடுக்கில் மறுபடி வைக்கோல். மினி லாரியில் கொண்டுபோனதில் ஒரு முள்கூட உடையவில்லை. ஜாடியிலிருந்து எடுத்துப் பூங்காவின் மண்மேடையில் நட்டார். அறுந்த வேர் ஆறுமுன் ஈரம் பட்டால் கள்ளி அழுகிவிடும், பத்து நாளைக்குத் தண்ணீரே காட்டக்கூடாது என்று அங்கிருந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

மூன்றாம் நாள் பார்க்கப் போனோம். மேடை சொதசொதவென்று இருந்தது.

எங்கள் பக்கத்தில் நாற்று நட்ட மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் விடுவார்கள். விடாவிட்டால் நட்டது பிழைக்காது. பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் அந்தம்மா கம்மாபுரம் பக்கம், வயலிலேயே வளர்ந்தவர். என் வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டும் மனசு பொறுக்காமல் குடம் குடமாக ஊற்றியிருக்கிறார்.

இவர் கத்தத் தொடங்கினார். நானும் சேர்ந்துகொண்டேன், பொய் சொல்வானேன். அந்தம்மா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"வேரோட புடுங்கியாந்து வச்சிருக்கீங்க, தண்ணி கேக்காதாங்க? நெலக்கரிச் சொரங்கத்துக்கு நெலம் போயி நாங்க வேற எடத்துக்கு வந்தோம். வந்த அன்னிக்கு, குடிக்கத் தண்ணி வேணுமான்னு கேக்க ஒருத்தர் இல்லீங்க."

இவர் என் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அந்தம்மாவிடம் நீட்டினார். அவர் வாங்கிக் குடித்தார்.

பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிடுங்கினோம். தெரிந்த ஒரு மண்பொம்மைப் பட்டறையில், சுடாத பொம்மைகளை நிழலில் உலர்த்தும் பலகைகளில் படுக்க வைத்தோம். பிள்ளையார்களுக்கு நடுவே கள்ளிகள். அழுகிய இடத்தை இவர் விரலால் காட்ட, அந்தம்மா கத்தியால் சீவினார். சில போய்விட்டன. இவர் முதன்முதலில் வாங்கிய உருண்டைக் கள்ளியும் போனது. தினமும் அதைத் திட்டியவள் நான், அதைத் தூக்கி எறிய எனக்கே மனசு வரவில்லை.

நன்றாகக் காய்ந்தபின் மறுபடி நட்டோம். நட்ட மூன்றாம் நாள் விடிவதற்குள் என்னை எழுப்பிவிட்டார். உயிர்த்தண்ணீர் நாளாயிற்றே, அந்தம்மா மறுபடி ஊற்றிவிடாமல் காவலுக்குப் போகிறாராம். இனி தினமும் போவாராம், அந்த முட்டியை வைத்துக்கொண்டு. நாங்கள் பூங்கா வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, வாக்கிங் வந்த ஒருவர் வாடிக் கிடந்த செடிகளைப் பார்த்து இரக்கப்பட்டுத் தன் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தார். இவர் பதறிப்போய் வாயெடுப்பதற்குள் அந்தம்மா குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

"ஊத்தாதீங்க. வாடுனாப்புலதான் இருக்கும். வேர் புடிச்சிக்கும்ங்க."

இவர் கேட்டோடு நின்றுகொண்டார். உள்ளே போகவில்லை.

"வா, வூட்டுக்குப் போவலாம்," என்றார் என்னிடம். "அவுங்க பாத்துக்குவாங்க."