நூற்றுப் பதினான்காம் கல்

சம்பளச் சீட்டில் அவர் சர்வேயர். ஊரில் கல்லுக்காரர் என்றால்தான் தெரியும். இரண்டு நாடுகளுக்கு நடுவே ஓடும் கோட்டில் தொண்ணூறாம் எண்ணிலிருந்து நூற்று நாற்பது வரை ஐம்பத்தோரு எல்லைக்கற்கள் அவர் பொறுப்பு. இருபத்தாறு வயதில் அவர் கைக்கு வந்தவை. இப்போது அவருக்கு ஐம்பத்தேழு.

அவருடைய அப்பா அந்தக் கோட்டுக்காக நடந்த சண்டையில் ஒரு காலைக் கொடுத்துவிட்டு வந்தவர். எதற்குச் சண்டை என்று கேட்டால், "எவனோ கோடு கோணலா இருக்குன்னானாம்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். கோடு நேராக இருந்தால் யாருக்கும் கால் போகாது என்று மகன் மனதில் அப்போதே பதிந்துவிட்டது. வேலையும் அப்படியே அமைந்தது.

வருடத்துக்கு ஒருமுறை கூட்டு நடை. அந்தப் பக்கத்துச் சர்வேயரும் இவரும் எட்டு நாள் சேர்ந்து நடப்பார்கள். ஒற்றைப்படைக் கற்களுக்கு இவர் வெள்ளையடிக்க, அவர் வாளியைப் பிடித்துக்கொள்வார். இரட்டைப்படைக் கல் வந்தால் வாளி கைமாறும். ஒருவரை ஒருவர் பங்காளி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். "நடுவுல வேலி, ரெண்டு பக்கமும் மொறப்பு. வேற என்னன்னு கூப்பிடறது?" என்பார் அந்தப் பக்கத்துக்காரர். எட்டாம் நாள் இவருடைய பதிவேட்டில் அவரும் அவருடையதில் இவரும் கையெழுத்துப் போடுவார்கள். பதிவேட்டின் கடைசிக் கட்டத்துக்குத் 'தகராறு' என்று தலைப்பு. அதில் முப்பத்தொரு வருடமாக ஒரே சொல்: இல்லை. அந்தச் சொல்லில்தான் அவருக்குக் கர்வமெல்லாம்.

அந்தச் சொல் ஒன்பது வருடமாகப் பொய்.

பத்து வருடத்துக்கு முன் ஒரு பெருவெள்ளம். நூற்றுப் பதினான்காம் கல்லை அடியோடு பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. மீட்புக்கு வந்த ராணுவத்தினர் அடையாளத்துக்கு ஒரு மரமுளையை அடித்துவிட்டுப் போனார்கள். அந்தச் சமயம்தான் தங்கச்சி வீடு கட்ட நின்றாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், அரசுப் பள்ளியில் அலுவலக உதவியாளர் வேலை, கையில் ஒரு துண்டு நிலம். "எதுவரைக்கும் நம்மதுண்ணா?" என்று கேட்டாள். முளையைக் காட்டி, "அதுவரைக்கும் தாராளமா கட்டு" என்றார். நூற்றுப் பதிமூன்றிலிருந்தும் நூற்றுப் பதினைந்திலிருந்தும் அளந்து பார்த்த பிறகே எந்த முளையையும் நம்பலாம் என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம். அன்றைக்குக் கொத்தனார் கிளம்பிக்கொண்டிருந்தார், மழை வேறு கட்டி நின்றது. அவர் அளக்கவில்லை.

அடுத்த வருடக் கூட்டு நடையில் அளந்தபோது கோடு அவள் வீட்டு வாசலுக்கு இந்தப் பக்கம் விழுந்தது. சமையலறை, கூடம், துவைக்கிற கல் எல்லாம் அடுத்த நாட்டில். பங்காளி டேப்பைச் சுருட்டினார்.

"பங்காளி, நூத்தி இருபத்தொண்ணுகிட்ட ஒரு கெணறு இருக்கு பாரு."

"இருக்கு. மேப்புப்படி எங்களுது."

"எங்க ஆளுங்க நாப்பது வீடு அதுலதான் தண்ணி எடுக்குது."

அவ்வளவுதான் பேச்சு. முளை இருந்த இடத்திலேயே புதுக் கல் நடப்பட்டது. பதிலுக்குக் கிணறு அந்தப் பக்கத்தாருக்கே விடப்பட்டது. இரண்டு பதிவேட்டிலும் 'இல்லை' ஏறியது. இரண்டு தலைநகரங்களிலும் ஒரு குருவிகூடக் கத்தவில்லை. தங்கச்சியிடம் அவர் மூச்சு விடவில்லை.

போன வருடம் அந்தப் பக்கத்து நாடு, பூமிக்கே ஒரே அரசாங்கம் என்று கிளம்பிய உலக மன்றத்தில் சேர்ந்துவிட்டது. கொடி இறங்கியது, ராணுவம் கலைந்தது, பங்காளியின் பதவியும் போயிற்று. சேருவதா வேண்டாமா என்று இந்த நாட்டில் இன்னும் வாக்கெடுப்பு நடக்கவில்லை. தெருவெல்லாம் அதே பேச்சு. தங்கச்சி தன் வீட்டுச் சுவரில், 'ஒரே உலகம், ஒரே வாசல்' என்ற நோட்டீஸை ஒட்டி வைத்திருந்தாள்.

"உனக்கு வேலை போயிடும்னு பயம், அதான் எதுத்துப் பேசறே" என்று சீண்டுவாள். "அப்பாவோட காலை எடுத்தது எது? உன் கல்லுதானே?"

"கல்லு யாரை என்ன பண்ணிச்சு? இங்க ஒருத்தன் அநியாயம் பண்ணினா அங்க ஓடலாம். உலகத்துக்கே ஒரே கவர்மென்ட்டுன்னா எங்க ஓடுவே? நிலாவுக்கா?"

"இப்ப மட்டும் ஓட விட்டுடறாங்களாக்கும். எல்லைக் கேட்டுக்குப் பதிமூணு கிலோமீட்டர், அனுமதிச் சீட்டுக்கு மூணு மாசம்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனாலேயே அவருக்குச் சோறு இறங்காது.

போன வாரம் மன்றத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தாள். முப்பது வயது இருக்கும். முக்காலியில் நிற்கும் சாட்டிலைட் கருவி, மரியாதையான பேச்சு. எல்லைகளை ஒழிப்பதற்கு முன்னால் எல்லை எங்கே இருக்கிறது என்று ஒரேயடியாகப் பதிந்துவிட வேண்டுமாம். இந்த நாட்டு அரசாங்கமும் வம்பு வேண்டாம் என்று ஒப்புக்கொண்டு, கல்லுக்காரரைக் கூடப்போகச் சொல்லியிருந்தது. ஒரு கல்லுக்கு நான்கு நிமிடம். வாளியும் இல்லை, வெள்ளையும் இல்லை.

நூற்றுப் பதினான்கில் கருவி கீச்சென்றது.

"ஆறு மீட்டர் இருபது சென்டி தள்ளியிருக்கு சார். வெள்ளத்துல நகர்ந்துடுச்சா?"

அவர் தங்கச்சி வீட்டைக் காட்டினார். "சரியான இடத்துல பதிஞ்சா அந்த வீடு என்ன ஆகும் மேடம்?"

"மன்றத்துப் பகுதிக்கு வந்துடும்."

"அந்தப் பொண்ணு இங்க ஸ்கூல்ல வேலை பாக்கறா. வெளிநாட்டுல குடியிருந்தா கவர்மென்ட் வேலை கிடையாது. தினமும் கேட்டைச் சுத்தி வரவும் முடியாது."

"வாக்கெடுப்பு நல்லபடியா முடிஞ்சா இன்னும் ரெண்டு வருஷத்துல கோடே இருக்காது சார்."

"அந்த ரெண்டு வருஷம் அவ எங்க இருப்பா?"

அதிகாரி கருவியைப் பார்த்தாள். கல்நெஞ்சக்காரி இல்லை. ஒரு வழி உண்டு என்று அவளே சொன்னாள். தகராறு என்று பதிந்துவிட்டால் மன்றத்து பெஞ்ச் தீர்ப்புச் சொல்லும்வரை கல்லை யாரும் தொடக்கூடாது. அதற்கு இரண்டு நாட்டுச் சர்வேயர்களும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பக்கம் இப்போது சர்வேயரே இல்லாததால், அந்த நிலத்தில் குடியிருப்பவர் மனுக் கொடுக்கலாம். 'இது என் நாட்டு மண்' என்று உரிமை கோரிக் கையெழுத்துப் போட்டால் போதும். நாளைக் காலை பத்து மணிக்குள்.

சாயந்திரம் மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போனார். அவள் பள்ளியிலிருந்து வந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முளையில் தொடங்கிக் கிணறுவரை ஒன்றையும் விடாமல் சொன்னார். தேய்த்த பாத்திரத்தையே அவள் திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

"அப்போ ஒம்பது வருஷமா நான் ஃபாரின்ல இருந்திருக்கேன்" என்றாள். சிரிக்க வந்தது, பாதியில் நின்றுவிட்டது. "உனக்கு எப்பண்ணா தெரியும்?"

"முதல் வருஷமே."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ பயந்துடுவேன்னு... உன் நல்லதுக்குத்தான்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒரே கவர்மென்ட் வந்தா எங்க ஓடறதுன்னு என்னைக் கேட்டியே. ஒம்பது வருஷமா எனக்கு நீதான் கவர்மென்ட்டா இருந்திருக்கே. என் வீடு எந்த நாடுன்னு நீயும் உன் பங்காளியும் முடிவு பண்ணியிருக்கீங்க. அந்த நாப்பது வீட்டுக்காரங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டீங்க. எல்லாம் எங்க நல்லதுக்கு."

அவர் சட்டைப்பையிலிருந்து மனுவை எடுத்தார். அவளிடம் நீட்டினார். வாங்கிப் படித்தாள்.

"என் நாட்டு மண்ணுன்னு நான் சண்டைக்கு நிக்கணுமா? அப்பா நின்னது பத்தாதா?"

"வேலை போயிடும்மா. வீட்டை விட்டு வெளிய வரக்கூட..."

"தெரியுது. வெச்சுட்டுப் போ."

காலையில் அவர் போனபோது அதிகாரி வாசலில் நின்றிருந்தாள். தங்கச்சி பள்ளிக்குப் போகும் புடவையில் இருந்தாள். அண்ணனைக் கண்டதும், "நீ அங்கயே நில்லு, நான் பேசிக்கறேன்" என்றாள். அவர் அங்கேயே நின்றார்.

அதிகாரி மனுவைப் படித்தாள். மறுபடி படித்தாள்.

"இதுல 'என் நாட்டு மண்'ங்கறதை அடிச்சிட்டிருக்கீங்களே."

"ஆமா. கீழ எழுதியிருக்கேன் பாருங்க."

"'முதலில் அளந்தவர்களும் என்னைக் கேட்கவில்லை, இப்போது அளப்பவர்களும் கேட்கவில்லை. அதுதான் என் தகராறு.'" வாசித்துவிட்டு அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "இது நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவுல வர்ற தகராறுக்கான மனுங்க. ஒரு ஆளுக்கும் கோட்டுக்கும் வர்ற தகராறுக்கு எங்ககிட்ட இனமே இல்லை."

"உலகத்துக்கே ஒரு ஆபீஸ் தொறந்திருக்கீங்க. அதுல இதுக்கு ஒரு இனம் இல்லையா?"

"நான் வாங்கிக்கிறேன். அங்க எடுத்துப்பாங்களா, தள்ளிடுவாங்களான்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரியலைன்னு சொன்னீங்க பாருங்க, அதுவே பெரிசு."

அதிகாரி ரசீதில் முத்திரை குத்திக் கொடுத்தாள். முடிவு வரும்வரை கல் இருக்கும் இடத்திலேயே இருக்கும். முடிவு நாளைக்கும் வரலாம், வராமலும் போகலாம். தங்கச்சி ரசீதைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் புறப்பட்டாள். அண்ணனைத் தாண்டிப் போகும்போது நிற்கவில்லை.

கருவியைத் தூக்கிக்கொண்டு அதிகாரி அடுத்த கல்லுக்கு நடந்தாள். கல்லுக்காரர் கூடவே நடந்தார். நூற்று இருபத்தொன்றுக்கு இன்னும் ஏழு கல் இருந்தது.

"மேடம், ஒரு அரை மணி நேரம் பொறுக்க முடியுமா?" என்றார். "முன்னாடி ஒரு கெணறு வருது. அங்க நாப்பது வீட்டுக்கு நான் ஒரு விஷயம் சொல்லணும்."